மனநலப் பிரிவில் பதினான்கு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலைக்கு அருகே முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது பயிற்சி மருத்துவர். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "அடுத்து மனநலப் பிரிவு டீச்சர், இரண்டே வாரம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் முடிந்தது. நான் எலும்பு மருத்துவம் படிக்கப் போகிறவள்தானே" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலத்துக்கென்று தனித் தேர்வுத்தாள் கிடையாது; பொது மருத்துவத்தோடு சேர்ந்து சில கேள்விகளாக வந்து போகிறது. தேர்வில் எடை இல்லாத பாடத்தைப் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் அவளை உட்காரவைத்துச் சிலவற்றைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு இருதுருவ மனநோய்; அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய். அதற்காக 1994 முதல் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம் அவனுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அதற்கு முந்தைய வாரந்தான் முழங்கால் வலிக்கென்று மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டிருந்தான். மூன்றாம் நாள் காலையில் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை உதறி, காப்பி முழுக்க வேட்டியில் கொட்டியது. நாக்குக் குழறியது. நாலடி வைப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆட்டோ பிடித்து ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

பணியில் இருந்த இளம் மருத்துவர் பழைய சீட்டை வாங்கினார். அதில் மனநலப் பிரிவின் முத்திரை இருந்தது. அதற்குமேல் அவர் படிக்கவில்லை. "பழைய நோய் கூடியிருக்கிறது, நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும்" என்று சொல்லி ஓர் ஊசி எழுதினார். "லித்தியம் ரத்தத்தில் ஏறியிருக்குமோ?" என்று கேட்டேன். "நீங்கள் டாக்டரா?" என்றார்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் தம்பியின் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை அளவையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிற நோட்டு என்னிடம் இருக்கிறது. ரத்தத்தில் லித்தியத்தின் அளவு பொதுவாக 0.6 முதல் 1.2 வரை இருக்க வேண்டும். வேறோர் இடத்துக்குப் போய், கெஞ்சி, அன்று மாலை பரிசோதனை செய்தபோது 2.3 என்று வந்தது. லித்தியம் ஓர் உப்பு. சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. உடம்பில் நீரும் உப்பும் வற்றினால் சிறுநீரகம் அதையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அது வெளியேறுவதைக் குறைக்கின்றன. அந்த ஊசியைப் போட்டுத் தூங்க வைத்திருந்தால் என் தம்பி எழுந்திருப்பானா என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மனநோயாளிக்கும் உடம்பு இருக்கிறது, அந்த உடம்புக்கும் வேறு நோய்கள் வரும். மாணவர்கள் முதலில் கற்க வேண்டியது இதுதான்.

எலும்பு மருத்துவராகப் போகிறவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். என் கணவர் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த ரப்பர் வெட்டுத் தொழிலாளி ஒருவர். வந்த அன்று என்னோடு அழகாகப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இரவு உடம்பெல்லாம் வியர்த்து, விரிப்பில் பூச்சி ஊர்வதாகச் சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தார். குடிகாரன் ரகளை செய்கிறான் என்று கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். காலையில் வந்த பெரிய மருத்துவர்தான், தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தியதால் வந்த நடுக்கமும் பிதற்றலும் இவை, கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுத்துவிடும் என்று கண்டுபிடித்து, வைட்டமின் பி1 ஊசியும் மற்ற மருந்துகளும் கொடுத்தார். வந்த அன்றே "தினமும் எவ்வளவு குடிப்பீர்கள்?" என்று முகம் சுளிக்காமல் யாராவது கேட்டிருந்தால், அந்த மனிதர் ஓர் இரவு கட்டுண்டு கிடந்திருக்க மாட்டார்.

கேட்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. தம்பியோடு புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கும்போது பார்த்திருக்கிறேன்: மாணவர்கள் தாளில் எழுதி வைத்த கேள்விகளை வரிசையாகக் கேட்பார்கள். "காதில் குரல் கேட்கிறதா?" கேட்கிறது என்றால் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இது கடற்கரை மாவட்டம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் போனவர்களில் எத்தனையோ பேரின் உடல்கூடத் திரும்பவில்லை. விடியலில் வாசலில் நின்று கணவன் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகச் சொல்லும் பெண்ணுக்கு அது நோயாக இருக்க வேண்டியதில்லை, துக்கமாக இருக்கலாம். யாருடைய குரல், எப்போதிலிருந்து, என்ன சொல்கிறது என்று கேட்டால்தானே தெரியும்?

1994-இல் தம்பிக்கு முதன்முதலில் நோய் வந்தபோது, மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் தர்கா இருக்கிற ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்று உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு தடவை பார்ப்போம் என்று திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர் ஒருவர், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதுதான் இருக்கும், அம்மாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "நோய் வருவதற்கு முன்னால் உங்கள் மகன் எப்படி இருந்தான்?" என்று கேட்டார். அம்மா அரை மணி நேரம் பேசினார். அவர் குறுக்கே பேசவே இல்லை. வீடு திரும்பியதும் அம்மா சொன்னார்: "இவனை எங்கேயும் விட மாட்டேன்." ஏழு ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகி 28 பேர் இறந்த செய்தியை உங்களைப் போன்ற நாளிதழ் ஒன்றில்தான் படித்தோம். அம்மா அன்று சமைக்கவில்லை.

என் வேண்டுகோள் பெரிதல்ல. அந்தப் பதினான்கு நாளில் ஒரே ஒரு நாளாவது ஒவ்வொரு மாணவரையும் ஒரு நோயாளியின் வீட்டுக்கு, அந்த வீட்டாரின் சம்மதத்தோடு, கல்லூரிகள் அனுப்பட்டும். மாத்திரையை எங்கே வைக்கிறார்கள், யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், மழைநாளில் பஸ் வராவிட்டால் மருந்துக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரட்டும். எங்கள் வீட்டுக்கும் வரலாம். தம்பியிடம் கேட்டேன், சம்மதித்திருக்கிறான். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் நல்லது. அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தூக்கம் நன்றாகத் தெளியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை
(தம்பியின் பொருட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.)