நம் இணைப்பு வழியே யாருக்கோ போகும் அப்டேட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதையொட்டி, கணினி வைத்திருப்பவர்கள் பலர் புதிய இயங்குதளத்துக்கு மாறிவருகிறார்கள். புதிதாக நிறுவப்படும் கணினியில் சில விஷயங்களை நமக்காக வேறு யாரோ முன்பே முடிவுசெய்து வைத்திருப்பார்கள் என்பதையும், அவற்றுள் ஒன்று, அதாவது நம் கணினி பெற்ற அப்டேட்டை நம் இணைப்பு வழியே பிற கணினிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு, நம் டேட்டாவையும் அந்தரங்கத்தையும் நேரடியாகத் தொடுகிறது என்பதையும் தங்கள் நாளிதழ் வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இக்கடிதத்தை எழுதுகிறேன். மன்னார்குடியில் பதினொரு கணினிகளுடன் ஒரு பயிற்சி மையம் நடத்திவருகிறேன். தட்டச்சும் டேலியும் கற்றுத்தருவதோடு, அரசுத் தேர்வுகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வருபவர்களுக்கும் உதவுகிறோம்.

ஒரு மென்பொருளுக்கு அப்டேட் வெளியானால், அதைக் கோடிக்கணக்கான கணினிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கேட்கும். அத்தனைக்கும் நிறுவனமே தன் சர்வர்களிலிருந்து அனுப்பினால் செலவு மிகுதி. எனவே கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, முதலில் பெற்ற கணினி தன்னிடமுள்ள துண்டுகளை அடுத்த கணினிக்குக் கொடுக்கும்படி அமைக்கிறார்கள். டோரண்ட் என்று நம் இளைஞர்கள் அறிந்திருக்கும் முறையின் அடிப்படையும் இதுவே. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானபோது, ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்ற பெயரில் இந்த ஏற்பாடு அதனுடன் வந்தது. வீட்டுப் பயனர்களுக்கான ஹோம் பதிப்பிலும் சிறு அலுவலகங்கள் வாங்கும் புரோ பதிப்பிலும், இணையத்தில் உள்ள முன்பின் அறியாத கணினிகளுக்கும் துண்டுகளை அனுப்பும் தேர்வு முன்கூட்டியே ‘ஆன்’ செய்யப்பட்டிருந்தது. பெருநிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் உரிய பதிப்புகளிலோ, சொந்த நெட்வொர்க்குக்குள் மட்டும் பகிரும் தேர்வே வைக்கப்பட்டிருந்தது. கணினித் துறைக்கென்று தனி ஆட்கள் வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் கொடுத்த பாதுகாப்பை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத வீட்டுக்குக் கொடுக்கவில்லை என்பதே என் முதல் மனக்குறை.

கணினிக்குக் கணினி பகிர்வதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் மையத்தில் 4 ஜிபி அளவுள்ள ஓர் அப்டேட்டைப் பதினொரு கணினிகளும் தனித்தனியே வெளியிலிருந்து இறக்கினால் 44 ஜிபி செலவாகும். ஒரு கணினி இறக்கி மற்றவற்றுக்குக் கொடுத்தால் ஏறத்தாழ 4 ஜிபியோடு போயிற்று. இதை நானே விரும்பி ஆன் செய்து வைத்திருக்கிறேன். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களின் நிறுவல் கோப்புகளை டோரண்ட் வழியாகவும் பெறலாம். அப்படிப் பெறுபவர், தாம் பெறுவதோடு பிறருக்கும் அனுப்புகிறோம் என்று அறிந்தே அதைத் தேர்ந்தெடுக்கிறார். இணைப்புக்குப் பணம் கட்டுபவரைக் கேட்டுவிட்டுச் செய்கிறார்களா, கேட்காமல் செய்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மையத்திலேயே பார்த்தேன். ஓர் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் புகைப்படம், கையொப்பம், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தயாராக வைத்திருந்தார். 200 கேபிகூட இல்லாத சான்றிதழ் கோப்பு மேலே ஏறவே இல்லை. பாதியில் நின்று, நேரம் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மூன்று முறை இப்படி நடந்தது. இணைப்பில்தான் கோளாறு என்று எண்ணி மோடத்தை அணைத்துப் போட்டோம், பயனில்லை. கடைசியில் என் போனின் ஹாட்ஸ்பாட் வழியாக அவருடைய விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவர் கிளம்பிய பிறகு ஒவ்வொரு கணினியாக, எந்த நிரல் எவ்வளவு டேட்டா அனுப்புகிறது என்று காட்டும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, ‘அனுப்பியது’ என்ற பத்தியைப் பார்த்தேன். ஒன்பதாவது கணினியில் மட்டும் அந்த எண் ஓடிக்கொண்டே இருந்தது. விடுமுறையில் ஒரு மாணவர் நிறுவிய விளையாட்டின் அப்டேட் நிரல், விளையாட்டு மூடியிருந்தபோதும் பின்னணியில் இயங்கி, வெளியாட்களின் கணினிகளுக்குத் துண்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நிரலின் அமைப்புப் பக்கத்தில், கடைசிப் பிரிவில், ஏற்கெனவே டிக் செய்யப்பட்ட ஒரு சிறு கட்டமாக அந்த அனுமதி இருந்தது. அதை நிறுவிய மாணவருக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது.

இது ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். செம்புக் கம்பி வழியே வரும் பழைய பிராட்பேண்ட் இணைப்புகளில் இறங்கும் வேகத்தை விட ஏறும் வேகம் மிகக் குறைவு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறங்கும் வேகத்தைத்தான். ஏறும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 1 ஜிபியை வெளியே அனுப்ப ஏறத்தாழ 2 மணி 13 நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் பாதிக்கப்படுவது நாம் அனுப்பும் கோப்புகள் மட்டுமல்ல. நாம் எதையேனும் இறக்கும்போதுகூட, வந்த தரவுப் பொட்டலங்கள் சேர்ந்துவிட்டன என்று நம் கணினி மறுமுனைக்குத் தொடர்ந்து பதில் அனுப்ப வேண்டும். ஏறும் பாதை அடைத்துக்கொண்டால் அந்தப் பதில்கள் வரிசையில் காத்து நிற்கும். மறுமுனை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இணைப்பு முழுவதும் படுத்துவிட்டதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். வாடிக்கையாளரோ இணைய சேவை நிறுவனத்துக்குப் போன் செய்து சண்டை போடுகிறார். நானும் போட்டிருக்கிறேன்.

ஃபைபர் இணைப்பு வந்த வீடுகளில் இந்தத் தொல்லை குறைந்திருக்கலாம். ஆனால் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி மடிக்கணினியில் படிக்கும் மாணவர்கள் இன்னும் ஏராளம். நாளொன்றுக்கு 1.5 ஜிபி என்று ரீசார்ஜ் செய்திருப்பவருக்கு, இறக்கியதும் ஏற்றியதும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. மீட்டர்டு கனெக்‌ஷன் என்று, அதாவது டேட்டா அளவு வரையறையுள்ளது என்று, குறிக்கப்பட்ட இணைப்பில் விண்டோஸ் இந்தப் பகிர்வைச் செய்வதில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அப்படி ஒரு குறி இருப்பதை அந்த மாணவருக்கு யார் சொல்லித்தருகிறார்கள்? அதிலும், கம்பி வழி இணைப்பை அவ்வாறு குறிப்பதற்கான தேர்வு விண்டோஸ் 10இன் அமைப்புப் பக்கத்தில் 2017இல்தான் வந்து சேர்ந்தது.

வேறு நாடுகளும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கின்றன. பிரிட்டனின் பிபிசி நிறுவனம் 2007இல் தன் ஐபிளேயர் சேவையைத் தொடங்கியபோது, நிகழ்ச்சிகளைப் பார்வையாளர்களின் கணினிகள் வழியாகவே பிற பார்வையாளர்களுக்குப் பகிரும் முறையைப் பயன்படுத்தியது. நிகழ்ச்சியைப் பார்த்து முடித்த பிறகும் அந்த நிரல் பின்னணியில் அனுப்பிக்கொண்டிருந்தது. மாத அளவு வரையறையுள்ள இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு அது பெரும் சுமை. 2008 இறுதியில் அந்த முறையைக் கைவிட்டு, தன் சர்வர்களிலிருந்து நேரடியாக இறக்கும் முறைக்கு பிபிசி மாறியது. விண்டோஸ் 10 அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது.

அந்தரங்கம் பற்றி, தேவையற்ற அச்சத்தைக் கிளப்பாமல் உள்ளதைச் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸின் இந்த ஏற்பாட்டில் நம் புகைப்படங்களோ ஆவணங்களோ வெளியே போவதில்லை. பிறர் அனுப்பும் துண்டு திருத்தப்படாதது என்று நிறுவனத்தின் சர்வரிலிருந்து பெறும் தகவலுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே கணினி அதை ஏற்றுக்கொள்கிறது. எனவே வைரஸ் நுழைந்துவிடும் என்று சிலர் வாட்ஸ்அப்பில் பரப்புவது சரியல்ல. ஆனால் துண்டு கொடுக்கும் கணினிக்கும் வாங்கும் கணினிக்கும் ஒன்றின் ஐ.பி. முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) மற்றதற்குத் தெரியாமல் இந்தப் பரிமாற்றம் நடக்காது. இந்த முகவரியில் இந்த நேரத்தில் ஒரு கணினி ஓடிக்கொண்டிருக்கிறது என்ற தகவல் முன்பின் அறியாதவருக்குக் கிடைக்கிறது. அதைவிட, ஒரு கணினி குறிப்பிட்ட பாதுகாப்பு அப்டேட்டின் துண்டைக் கேட்கிறது என்றால் அந்த அப்டேட் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டை அதில் இன்னும் அடைபடவில்லை என்றுதான் பொருள். கதவுக்கு இன்னும் பூட்டுப் போடவில்லை என்பதைத் தெருவில் போகிறவரிடம் நாமே சொல்வதுபோன்ற தகவல் அது.

‘லோக்கல் நெட்வொர்க்’ என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஒரே பொது ஐ.பி. முகவரி வழியாக இணையத்துக்கு வரும் கணினிகளைச் சேர்த்துக் காட்டி, அவை உள்ளுக்குள் ஒன்றையொன்று தொடர்புகொள்ளும்படி செய்வதே அந்தத் தேர்வு இயங்கும் முறை. வீட்டில் அது குடும்பத்தினரின் கணினிகளாக இருக்கும். சென்னை திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரே வைஃபையைப் பல அறைக்காரர்கள் பகிர்ந்துகொள்கிறார்களே, அங்கு அது யாருடைய நெட்வொர்க்? கல்லூரி விடுதிகளிலும் இதே நிலைதான். பக்கத்து அறைக்காரர் நல்லவராக இருக்கலாம். அவர் குடும்பத்தினர் அல்லர்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாறும் ஐ.பி. முகவரியும் சில சூழல்களில் தனிநபர் தரவே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் பிரெயர் வழக்கில் கூறியிருக்கிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது விவரம் அறிந்து, நிபந்தனையின்றி, தெளிவான ஒரு செயலின் மூலம் தரப்பட வேண்டும் என்கிறது. ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் அச்சட்டம் தருகிறது. அவற்றுள் தமிழும் உண்டு. முன்பே டிக் செய்துவைத்த கட்டத்தை யாரும் திறந்து பார்க்காமல் விட்டதை ஒப்புதல் என்று கொள்ளவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஐ.பி. முகவரி அச்சட்டத்தின் கீழ் எப்போது தனிநபர் தரவாகும் என்பதை மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளிப்படையாக விளக்கினால், இந்தியாவில் மென்பொருள் விற்கும் எல்லா நிறுவனங்களுக்கும் எல்லை எது என்று தெரிந்துவிடும். டேட்டா விஷயத்தில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் கருத்துச் சொல்ல வேண்டும். இணைய சேவை நிறுவனம் நமக்குத் தரும் வேகத்தை ஆணையம் கண்காணிக்கிறது. அந்த வேகத்தை நம் கணினியில் உள்ள நிரல் பிறருக்காக எடுத்துக்கொள்வதைக் கேட்பார் இல்லை.

வாசகர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11 இயங்கும் கணினியில் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வரிசையில் போனால் இந்தத் தேர்வைக் காணலாம். முழுவதும் அணைக்கலாம், அல்லது சொந்த நெட்வொர்க்கோடு நிறுத்தலாம். அதே பக்கத்தில் உள்ள ஆக்டிவிட்டி மானிட்டரில், பிற கணினிகளுக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்ற கணக்கும் இருக்கிறது. இந்தத் தேர்வின் ஆரம்ப நிலையை நிறுவனம் எந்தப் பதிப்பிலும் மாற்றலாம் என்பதால், புதிதாக நிறுவும்போதெல்லாம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. விளையாட்டு நிரல்களின் அமைப்புப் பக்கத்தையும் மறக்காமல் பார்க்க வேண்டுகிறேன்.

தமிழக அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே முதன்முதலாகக் கணினியைத் தொட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலர் என்னிடம் பயின்றிருக்கிறார்கள். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல், அப்பாவின் போனில் மிச்சமிருக்கும் டேட்டாவை இரவில் வாங்கிப் படித்தவர்கள் அவர்கள். மாணவர்களுக்கு அரசு வழங்கும் கணினிகள் எவையாயினும், கொள்முதல் செய்யும் எல்காட் போன்ற அமைப்புகள், இணையத்தில் உள்ள அறியாதவர்களுக்குத் துண்டுகளை அனுப்பும் தேர்வை அணைத்த நிலையிலேயே அவற்றைத் தர வேண்டும் என்று ஒப்பந்த நிபந்தனைகளில் ஒரு வரி சேர்க்கலாம். ஆயிரக்கணக்கான கணினிகளில் இதை ஒரே கட்டளையில் செய்யும் வசதி அந்த இயங்குதளத்திலேயே இருக்கிறது. கணினியுடன் தரும் கையேட்டில், இந்தத் தேர்வு எங்கே இருக்கிறது, எப்போது ஆன் செய்யலாம் என்பதைத் தமிழில் அரைப் பக்கம் அச்சிட்டால் போதும். அந்த அரைப் பக்கத்தை ஊதியம் எதுவுமின்றி எழுதித்தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
கணினிப் பயிற்சி மைய ஆசிரியர்,
மன்னார்குடி.