"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே"ன்னு சொல்ற ஆண்களுக்கு ஒரு திறந்த மடல்

முப்பது வயசு தாண்டின அண்ணன் தம்பிகளே,

கடைசியா எப்போ பிபி பாத்தீங்கன்னு கேட்டா உங்கள்ல நிறைய பேருக்கு ஞாபகமே இருக்காது, வேலைக்கு சேரும்போது மெடிக்கல் செக்கப்ல பாத்ததோட சரி. ஏன் அப்புறம் பாக்கலன்னு கேட்டா "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே"ன்னு சொல்லுவீங்க. அந்த பதில்தான் எனக்கு பயமா இருக்கு.

பிபி ஏறினா தலை வலிக்கும், மயக்கம் வரும்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம், ஆனா 140/90-ஐ தாண்டி வருஷக்கணக்கா இருந்தாலும் பெரும்பாலும் உடம்புல ஒரு சின்ன தொந்தரவு கூட தெரியாது, உள்ள ரத்தக்குழாயும் கிட்னியும் பாட்டுக்கு கெட்டுக்கிட்டு இருக்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உயர் ரத்த அழுத்தம் இருக்கற பெரியவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு அது இருக்கறதே தெரியாது. சுகர்லயும் தாகம், அடிக்கடி யூரின், எடை குறையறது எல்லாம் நல்லா ஏறின பிறகுதான் வரும். கிட்னி இன்னும் மோசம், கிட்னி வடிகட்டி வெளியேத்த வேண்டிய கிரியாட்டினின்ங்கற கழிவு ரத்த ரிப்போர்ட்ல ஏறித் தெரியறதுக்குள்ள பாதி வேலை செய்யற சக்தி போயிருக்கலாம், அதனாலதான் முன்னாடியே கண்டுபிடிக்க யூரின்ல அல்புமின்ங்கற புரதம் போகுதான்னு பாக்க சொல்றாங்க.

பெண்களுக்கு கர்ப்ப காலத்துலயாவது திரும்பத் திரும்ப பிபியும் சுகரும் பாத்துடுவாங்க. நமக்கு அப்படி ஒரு சந்தர்ப்பமே வர்றதில்ல, நாமளா போனாத்தான் உண்டு.

ஒல்லியா இருக்கேன், எனக்கு எதுக்குன்னு கேக்கறவங்க ஒரு டேப் எடுத்து வயித்த அளந்து பாருங்க. தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே ஆபத்துன்னு எடுத்துக்கறாங்க, கை கால் குச்சியா இருந்தும் தொப்பை மட்டும் இருக்கறவங்களுக்கும் இது பொருந்தும். வெறும் வயித்துல சுகர் 100-க்கு கீழ இருந்தா நார்மல், 126-ம் அதுக்கு மேலயும்னா திரும்ப ஒரு தடவை பாத்து உறுதி பண்ணுவாங்க. நடுவுல இருக்கீங்களா, தயவு செஞ்சு அத அலட்சியம் பண்ணாதீங்க. 2002-ல வந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணுல இந்த மாதிரி ஆபத்துல இருந்தவங்கள உடல் எடையில 7 சதவீதம் குறைக்கவும் வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கவும் இலக்கு வெச்சு பழக்கினாங்க, அவங்களுக்கு சுகர் வர்றது 58 சதவீதம் குறைஞ்சது, அதே ஆய்வுல மாத்திரை கொடுத்தவங்களுக்கு கூட அவ்வளவு குறையல.

சிகரெட்ட பத்தி சொல்லியே ஆகணும். "நான் ஒண்ணு ரெண்டுதான்"ங்கறது சமாதானமே இல்ல, ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு பிடிச்சாலும் 20 பிடிக்கறவருக்கு இருக்கற கூடுதல் இதய ஆபத்துல கிட்டத்தட்ட பாதி உங்களுக்கும் இருக்கு. குறைச்சா போதாது, விடணும், விட்டா ஒரு வருஷத்துலயே அந்த கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியா இறங்கிடும். குடியும் அப்படித்தான், வார நாள் முழுக்க தொடாம இருந்துட்டு லீவு நாள்ல மொத்தமா சேத்து குடிக்கறது கட்டுப்பாடு இல்ல. அப்புறம் ராத்திரி பலமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்குதுன்னு வீட்டுல சொன்னா சிரிச்சுட்டு விடாதீங்க, அது பிபிய ஏத்தற ஒரு நோயா இருக்கலாம்.

மாத்திரை ஆரம்பிச்சவங்க கவனத்துக்கு, பிபி நார்மல் ஆயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடறீங்க, அது நார்மல் ஆனதே மாத்திரையாலதான். நிறுத்தணுமா குறைக்கணுமான்னு டாக்டர் சொல்லட்டும்.

கடைசியா, ஆம்பளைங்க வெளிய சொல்லவே சொல்லாத ஒண்ணு. விறைப்புல பிரச்சனை வந்தா அத மானப் பிரச்சனையா நினைச்சு ரகசியமா மாத்திரை வாங்கி போட்டுக்கறோம். அங்க போற ரத்தக்குழாய் இதயத்தோட ரத்தக்குழாய விட மெல்லிசு, அதனால அடைப்பு ஆரம்பிச்சா அங்கதான் முதல்ல தெரியும், நெஞ்சு வலி வர்றதுக்கு சில வருஷம் முன்னாடியே கூட தெரியலாம். மனசும் காரணமா இருக்கலாம்தான், ஆனா அத முடிவு பண்ண வேண்டியது நீங்க இல்ல. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கறவங்க அந்த ரகசிய மாத்திரைய போட்டா பிபி ஆபத்தா இறங்கிடும். வாய் விட்டு சொல்ல கூச்சமா இருந்தா ஒரு பேப்பர்ல எழுதி டாக்டர் கிட்ட நீட்டுங்க, அவர் உடனே பிபி, சுகர், கொழுப்பு மூணும் பாக்க எழுதுவார்.

அக்கறையோட,
உங்கள்ல ஒருத்தன்