பத்து வருடம் காத்திருந்த பாட்டு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகுவலி குறைந்துவிட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கிடார் கற்றுக்கொள்கிறாள். விரல் நுனியெல்லாம் சிவந்துபோயிருக்கிறது, அதைக் காட்டிக் காட்டிப் பெருமைப்படுகிறாள்.

அவளுக்காகத்தான் பிரிட்டிஷ் ராக் குழுவான ரேடியோஹெட்டின் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தை மறுபடி எடுத்தேன். சும்மா கொடுத்ததால் பேர் வாங்கிய ஆல்பம் என்று எழுதியிருந்தாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2007 அக்டோபர் 1ஆம் தேதி அறிவித்து, 10ஆம் தேதி இணையத்தில் வெளியிட்டார்கள். விரும்பிய விலையைக் கொடுக்கலாம், ஒன்றும் கொடுக்காவிட்டாலும் சரி என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அப்புறம் சிடியாகக் கடைக்கு வந்தபோது, 2008 ஜனவரியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்ததே! ஏற்கெனவே கையில் இருக்கும் பாட்டை மறுபடி காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், அது பாட்டின் பலம் இல்லாமல் வேறென்ன?

அந்த ஆல்பத்தில் வரும் ‘நியூட்’ பாட்டையே எடுத்துக்கொள். தொண்ணூறுகளின் கடைசியிலேயே மேடையில் பாடிவிட்டார்கள். ஆனாலும் அடுத்தடுத்து வந்த ஆல்பங்களில் சேர்க்கவில்லை, சரியாக அமையவில்லை என்று வைத்திருந்தார்கள். குழுவின் காலின் கிரீன்வுட், அடிக்குரலில் ஒலிக்கும் பேஸ் கிடாரில் புதிதாக ஒன்று வாசித்த பிறகுதான் அது கூடிவந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த பேஸை மட்டும் பின்தொடர்ந்து பார். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு படியாக இறங்கும். அதன்மேல் பாடகர் தாம் யார்க்கின் குரல் எடையே இல்லாமல் மிதக்கும். நல்ல மெட்டு கையில் இருந்தும் பத்து வருடம் பொறுத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

ஆல்பத்தின் ஒலிப்பதிவில் ஒரு பகுதி இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஒரு பாழடைந்த மாளிகையில் நடந்தது. உள்ளே தங்க முடியாத நிலை, அதனால் கேரவன்களில் தங்கினார்களாம். ‘பாடிஸ்னாச்சர்ஸ்’ பாட்டில் கிடார் அப்படிக் கரகரக்கிறதே, அது அங்கே பிறந்ததுதான்.

‘ரெக்கனர்’ பாட்டை மட்டும் ஹெட்போனில் கேள். பாதியில் டிரம்ஸ் சட்டென்று நின்று வயலின்கள் எழும் இடத்தில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் பாட்டான ‘15 ஸ்டெப்’புக்குத் ‘தக தகிட’ என்று ஐந்தாக எண்ணித் தாளம் போடவும் பழகிவிட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இரவு பத்துப் பாட்டையும் வரிசை மாற்றாமல் கேள். கடைசியில் ‘வீடியோடேப்’ பியானோ அடங்கியதும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்