வேலையைப் பங்கிடுகிறவர்

வேலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் தை மாதத்துக்கு நிச்சயமானதில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது செய்தித்தாளில் வரி விளம்பரங்களைக்கூட விடாமல் வாசித்துவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்கிறார். வெயிலைப் பற்றி எழுதப் போவதில்லை. நீயும் இந்த ஊர்க்காரன்தான்.

பெங்களூரில் உங்கள் ஆலோசனை நிறுவனத்தின் பணியாளர் வளர்ச்சிப் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும், பிள்ளைகள் தொழில் கற்றுக்கொண்ட கையோடு வேறு இடம் பார்த்துப் போய்விடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். பயிற்சி வகுப்புகளுக்குப் பெரிய திட்டம் போட்டிருக்கிறாய், கூடவே இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு ஒப்பந்தப் பத்திரமும். ராணிப்பேட்டையில் சின்ன ஆலோசனை அலுவலகம் நடத்துகிறவனிடம் போய் யோசனை கேட்கிறாயே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் ஆள் போகும் வலி உன்னைவிட எனக்கு அதிகம். காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் நீ இருக்கும் ஊர். என் பிள்ளைகளை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், கூப்பிடுகிறார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் தொழிலில் ஒருவனை வளர்த்துவிடுவது அவன் கைக்கு வந்து சேரும் வேலைதான். ஆகவே உன் நிறுவனத்தில் பணியாளர் வளர்ச்சி அதிகாரி நீ இல்லை. வாரத் தொடக்கத்தில் உட்கார்ந்து, எந்த வாடிக்கையாளரிடம் யார் போவது என்று பங்கிடுகிறாரே, அவர்தான்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாம் விற்பது மணி நேரத்தை. கட்டணம் போட முடியாத மணி எல்லாம் நட்டம் என்று கணக்கு கண்ணெதிரே நிற்கும்போது, அவசர வேலையை ஏற்கெனவே அதைச் செய்தவனிடமே தள்ளத்தான் தோன்றும். எக்செல்லில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த பையனுக்கு எக்செல் மட்டுமே வரும். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்காமலேயே மூன்று வருடம் ஓடிவிடும். நான் முதலில் வேலை பார்த்த நிறுவனத்தில் இப்படி ஒரு நண்பர் இருந்தார். சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். தனியாக ஒரு கூட்டத்துக்கு அவரை யாரும் அனுப்பியதில்லை. கடைசியில், 'இவருக்குத் துணிச்சல் போதாது' என்று அவருடைய மதிப்பீட்டிலேயே எழுதினார்கள்.

என் பிழைப்பு எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியும். 1996இல் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து டேனரிகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு, கழிவுநீர்க் கணக்கு தெரிந்த ஆள் தேவைப்படாத நாளே இல்லை. போன மாதம் மேல்விஷாரத்தில் ஒரு டேனரிக்குப் போயிருந்தோம். என்னோடு வந்தது, எங்களிடம் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு பெண். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமம், வீட்டில் முதல் பட்டதாரி. வேலையை அவள் பெயரில் போட்டிருந்தேன். நான் கூடப் போனது துணைக்கு மட்டும்.

முதலாளி பெரியவர். அவள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதிலை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நான் கையில் இருந்த தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழிவுநீரை ஆவியாக்கும் இயந்திரத்துக்கு விறகுச் செலவு தாங்கவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டபோது, "ஊறப்போடுவதற்கு முன்னால் தோலில் இருக்கும் உப்பை உதறுகிறீர்களா, பாய்?" என்று அவள் கேட்டாள். உதறுகிறார்கள்தான் என்றார். "அப்படியானால் இன்றைக்கு ஒரு லாட் தோலை மட்டும் உதறி, விழுகிற உப்பை எடை போடலாமா?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். கெடாமலிருக்க உப்பிட்டு வந்த தோலை விரித்து உதறி, தரையைக் கூட்டி, மூட்டை கட்டித் தராசில் ஏற்றினார்கள். வழக்கமாக உதறுவதெல்லாம் பேருக்குத்தான் என்பது அந்த மூட்டையைப் பார்த்ததுமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஊறல் தண்ணீரில் கரைந்த உப்பு பிறகு எங்கே போகும்? சவ்வு வடிகட்டியில் தேங்கி, அங்கிருந்து ஆவியாக்கியில் ஏறி, விறகைத் தின்று, கடைசியில் கொட்ட இடமில்லாத கலப்பு உப்பாகக் கொட்டகையில் குவிகிறது. இதை அவள் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு விளக்கினாள். அதன் பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பவில்லை. "அடுத்து என்ன செய்யலாம், நீயே சொல்லும்மா" என்றார்.

இதற்கு நீ எத்தனை நாள் பயிற்சி வகுப்பு வைப்பாய்? அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கும் எளிதாக இல்லை என்பது வேறு விஷயம்.

அறிக்கை திருத்துவதிலும் இதே கதைதான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், களம் வரும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவதுதான் தகராறு. மேலதிகாரி இரவோடு இரவாக முழுவதையும் தானே மாற்றி எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார். வேலை முடிந்துவிடும். எழுதியவனோ தன் வாக்கியங்களில் எது போனது, ஏன் போனது என்று அறியாமலேயே அடுத்த அறிக்கையையும் அதே மாதிரி எழுதுவான். எங்கள் அலுவலகத்தில் ஓரத்தில் கேள்வி மட்டும்தான் எழுதலாம். 'இந்த எண் எந்த நாள் மாதிரியிலிருந்து?', 'இதைப் படித்து முதலாளி என்ன முடிவெடுப்பார்?' திருத்துவது அவனவன் பொறுப்பு. நேரம் இரட்டிப்பாகிறது, உண்மை. அந்த நேரத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் நிறுவனம்தான் சுமக்க வேண்டும். பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை இதற்குத் திருப்பிவிடு என்பேன்.

வகுப்பும் தேர்வும் வீண் என்று சொல்ல வரவில்லை. மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வுக்கு நான்கு தாள்கள். படிக்கிறவர்களுக்குக் கட்டணமும் விடுப்பும் தருகிறேன். ஆனால் தேறி வந்தவனுக்கு அடுத்த எரிசக்தித் தணிக்கையில் இடம் இல்லையென்றால், வேறு ஓர் அலுவலகம் அவனை எடுத்துக்கொள்ள நானே செலவு செய்தது போல ஆகும்.

பத்திரத்துக்கு வருகிறேன். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே உன் வழக்கறிஞர் தைரியம் சொல்லியிருப்பார். சட்டத்தில் இடம் இருக்கலாம். பணத்துக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவனை வாடிக்கையாளர் முன்னால் எப்படி உட்கார வைப்பாய்? அரை மனது எதிரே இருப்பவருக்கு முதல் கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். வங்கிக்குக் கட்டுப்படியாகலாம், நமக்கு ஆகாது.

இன்னொன்று. மெக்கின்ஸி போன்ற பெரிய நிறுவனங்களின் 'மேலே ஏறு, இல்லையேல் வெளியேறு' என்ற வழக்கத்தைப் பார்த்து, எல்லோரையும் ஒரே ஏணியில் ஏற்றப் பார்க்காதே. ஒரு கட்டத்துக்கு மேல் நம் தொழிலில் உயர்வு என்றால் வாடிக்கையாளரிடம் பேசி வேலை பிடித்து வருவது என்றாகிவிடுகிறது. எங்கள் மூத்த வேதியியலாளருக்கு அது ஆகவே ஆகாது. நாலு பேரிடம் விலை பேசச் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பதனிடப் பயன்படும் குரோமியத்தைக் கழிவுநீரிலிருந்து மீட்பதில் கோளாறு என்றால் ஆம்பூரிலிருந்து அவரைத் தேடித்தான் வண்டி வரும். மேலாளருக்கு என்ன சம்பளமோ அதையே அவருக்கும் கொடுக்கிறேன், கீழே ஓர் ஆள் இல்லாமல். மேலாளர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அந்த வண்டிகளுக்கு அனுப்பும் பில் தொகையைக் காட்டினேன்.

போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். வாணியம்பாடியில் இப்போது எங்களுக்கு வேலை தரும் ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் மேலாளர் எங்களிடம் தொழில் பழகியவர்தான். என் அறிக்கையின் ஓரத்தில் கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறார், படுபாவி.

நீ ஒன்று செய். கடந்த ஆறு மாத வேலைப் பங்கீட்டுப் பட்டியலை வாங்கி, முன்பு செய்யாத வகை வேலை யார் யாருக்குப் போயிருக்கிறது என்று பெயருக்கு நேராகக் குறித்துப் பார். ஒரே பத்துப் பேர் மறுபடி மறுபடி வருவார்கள் என்று நினைக்கிறேன். விலகிப் போனவர்களின் பெயரையும் அதே பட்டியலில் தேடு. கிடைத்ததை எழுது, பயிற்சித் திட்டத்தை அதற்குப் பிறகு பேசலாம்.

தங்கை கேட்டிருந்த இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் அடுத்த வாரம் அங்கே வரும் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். அழைப்பிதழை அஞ்சலில் அனுப்பாதே. வீட்டோடு வந்து கொடுத்தால்தான் அம்மா ஒப்புக்கொள்வார்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்