குல்லாவைக் கழற்றிப் பார்

கோத்தகிரி

அன்பு மகள் தேன்மொழிக்கு,

கொடைக்கானலில் பிரசவ வார்டில் உன்னை வேலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்றதும் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அங்கேயும் நம் ஊர்க் குளிர்தான். பிள்ளை பிறந்த கையோடு பாட்டிமார் குல்லா, ஸ்வெட்டர், காலுறை, மேலே கம்பளி என்று மூடிவிடுவார்கள். குளிருக்கு அது வேண்டியதுதான். ஆனால் கருவிலேயே தொற்று வாங்கிய குழந்தையின் அடையாளங்கள் அந்தத் துணிக்குள்தான் ஒளிந்திருக்கும். எஸ்டேட் மருந்தகத்தில் இருந்த காலமெல்லாம் நான் பிடிவாதமாகச் செய்தது இதுதான்: குழந்தைக்குச் சூடு தரும் வார்மருக்கு அடியில் கிடத்தி, ஒவ்வொன்றாகக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் முழு உடம்பையும் பார்ப்பேன்.

தலையை நாடாவால் அளந்து பார், சிறுத்திருந்தால் குறித்துவை. அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள், வீங்கிய கல்லீரல், மண்ணீரல், பிறந்த 24 மணி நேரத்துக்குள் வரும் மஞ்சள் இவற்றைக் கண்டால் உடனே டாக்டரைக் கூப்பிடு. வெயில் காட்டினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் உரிந்து, மூக்கில் ரத்தம் கலந்த சளி ஒழுகினால், பாலுறவால் தாய்க்கு வந்து கருவுக்கும் பரவும் சிபிலிஸாக இருக்கலாம். தாயின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடிப் படி. அவளிடம் பேசும்போது மாமியாரை வெளியே இருக்கச் சொல். கர்ப்பத்திலேயே பென்சிலின் போட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய நோய் அது. யாரும் கவனிக்காமல் விட்டதற்கு அவள் தலைகுனியக் கூடாது.

கண்ணின் பாப்பா வெளுத்திருந்தால் ருபெல்லாவை, அதாவது ஜெர்மன் தட்டம்மையை, நினைத்துப் பார். 1941இல் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் விசாரித்துத்தான் கர்ப்பத்தில் வந்த ருபெல்லாவுக்கும் கண்புரைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார். கர்ப்பத்தின் தொடக்கத்தில் காய்ச்சலும் தடிப்பும் வந்தனவா என்று நீயும் கேள். இதயத்தையும் காதையும் பார்க்கச் சொல்.

என்னை அதிகம் வருத்துவது சைட்டோமெகலோ வைரஸ். அதோடு பிறக்கும் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேரிடம் எந்த அடையாளமும் தெரியாது. அவர்களிலும் சிலருக்குப் பின்னால் காது கேட்காமல் போகும். செவித்திறன் பரிசோதனையில் தேறாத குழந்தையைப் பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிடாதே. சிறுநீரையோ உமிழ்நீரையோ 21 நாட்களுக்குள் எடுத்தால்தான் தொற்று கருவிலேயே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். பச்சை உடம்போடு மன்னவனூருக்கோ பூம்பாறைக்கோ போனவள் அதற்குள் பஸ் ஏறித் திரும்பி வருவது பெரும்பாடு. வீட்டுக்கு அனுப்பும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாதிரியை எடுக்க வை.

இன்னொன்று. ருபெல்லாவோடு பிறந்த குழந்தையிடமிருந்து ஓராண்டு வரைகூட வைரஸ் வெளியேறும். உனக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. உன்னோடு வேலை செய்பவர்களில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அந்தக் குழந்தையை அவள் தூக்க வேண்டாம், நீ தூக்கு.

அன்புடன்,
அம்மா