ரங்குப்பெட்டியை விற்க வேண்டாம்

ஈலிங், லண்டன்
தை 18

அன்புள்ள அக்காவுக்கு,

கார்த்திகையில் நீங்கள் எழுதின கடிதம் மார்கழிக் கடைசியில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னம் வந்த இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை. வேலைக் கரைச்சல் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. போனில் அம்மாவுக்குக் காது கேட்கிறதில்லை, தபால்காரரின் மணிச் சத்தத்துக்கு மட்டும் எழும்பிப் படலைக்குப் போறா என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் நல்ல சுகம். குளிர் இந்த முறை கொஞ்சம் கூட. பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும். ஹீட்டரைப் படுக்கிற அறையில் மட்டும் ஒரு மணித்தியாலம் போடுகிறேன், எனக்கு அது போதும். கடையில் என் வேலை நாளை இரண்டு குறைத்திருக்கிறார்கள், ஓய்வு கிடைத்தது நல்லதுதான். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சிவப்பரிசி மா கிடைக்கிறது, இடியப்பம் நானே பிழிகிறேன். சொதிக்குத் தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பால். கொதித்தாலும் லேசில் திரையாது, ஆனால் முதற்பாலின் வாசம் இல்லை. தயிரும் வாங்கலாம். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத நம்மூர் எருமைத் தயிரைத் தின்ற வாய்க்கு அது மோர்.

கீழ்வீட்டுக் கிழவரைப் பற்றி முன்னம் எழுதினேனே, தை மாதத்திலும் அரைக்காற்சட்டையோடு குப்பை கொண்டுபோகிறவர். அவர் வீட்டு அலுமாரி நிறைய ஜாம் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவுத் திருகாணி, மூடியில் நீளம் எழுதி ஒட்டியிருக்கும். அரையங்குலமும் முக்காலங்குலமும் கலந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு சின்ன நாடகக் குழுவுக்கு அவர் மேடை கட்டுகிறவர், சம்பளமில்லாமல். சனிக்கிழமை எட்டு மணிக்கு என் கதவைத் தட்டுவார், நானும் போவேன். மருமகன் உங்கள் கடிதத்துக்குள் வைத்த துண்டுக்குப் பதில் சொல்ல எனக்குக் கைகொடுத்தது அந்த இடந்தான்.

வாசிகசாலை மண்டபத்தில் கூத்தைத் திரும்பத் தொடங்கப் போகிறோம், நாலு ஸ்பீக்கர், எட்டு விளக்கு, ஒரு ஜெனரேற்றர், மாமா காசு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தான். வாசித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் சாமானில் தொடங்கக்கூடாது, அக்கா. அவனுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

இந்த ஈலிங்கில் குவெஸ்டர்ஸ் என்று ஒரு பெரிய நாடக அரங்கு இருக்கிறது. 1929இல் அல்பிரட் எம்மெற் என்பவரும் கூட்டாளிகளும் தொடங்கினது. 1933இல் பாவனையில்லாமல் கிடந்த ஒரு பழைய தேவாலயத்தைப் பிடித்து அதற்குள் ஆடினார்கள். இப்போதுள்ள அரங்கு திறந்தது 1964இல், அம்மா இன்னும் சொல்லுகிற மார்கழிச் சூறாவளி வந்த அதே வருஷம். தொடங்கினதற்கும் சொந்த அரங்கு திறந்ததற்கும் நடுவே 35 வருஷம். அங்கே இன்றைக்கும் நடிக்கிறவரும் திரைக்குப் பின்னால் நிற்கிறவரும் கூலி வாங்குகிறதில்லை. இப்படிச் சொந்த இடம் வைத்து நடத்துகிற குழுக்கள் இங்கிலாந்தில் சேர்ந்து ஒரு சங்கமே வைத்திருக்கின்றன, 1946 முதல். கட்டடம் பிந்தித்தான் வந்தது. அதற்கு முன்னம் சனம் சேர்ந்தது.

இது வெள்ளைக்காரரின் புதுமை என்று மருமகன் நினைக்கக்கூடாது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினபோது அதில் ஆடினவர்கள் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் நாடகம் நடத்தினதும் அந்த வழிதான். நம்முடைய கூத்தோ அதற்கெல்லாம் மூத்தது. வயல் வேலை முடிந்த சனம், கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு வெற்றிலை வைத்து, சட்டம் கொடுத்து (அவரவர் பாட்டை எழுதிக் கொடுக்கிறது), கிழமைக்கு ஒருக்கால் கிழமைக்கூத்து ஆடி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (கடைசி முழு ஒத்திகை) அரங்கேற்றினார்கள். மாதக்கணக்காய் ஒரு ஊர் முழுக்க ஒரு வேலையில் நின்றது. இங்கே இவர்கள் செய்வதை நான் பார்க்கப் பார்க்க, கூத்தில் நின்ற நம்முடைய பெரியப்பா செய்ததுதான் இது என்று படுகிறது.

அவர் செய்யாமல் விட்டதும் உண்டு, அதைத்தான் மருமகன் பிடிக்க வேண்டும். அவரிடம் கூத்துப் பாட்டு எழுதின கொப்பி ஒன்றுதான் இருந்தது. தொண்ணூறில் இடம்பெயர்ந்தபோது அது போனது. முழுக்கூத்தும் அதோடு போனது. இங்கே ஒரு நாடகத்துக்கு ஒரு பெரிய கொப்பி வைப்பார்கள். இடப்பக்கம் பாட்டும் பேச்சும், வலப்பக்கம் வெறும் தாள். யார் எந்தப் பக்கத்தால் வருகிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது என்பதெல்லாம் அதில் பென்சிலால். பேனை கூடாது, ஒத்திகையில் நாளும் மாறும். மருமகன் மிச்சமிருக்கிற கிழவர்களிடம் போய்க் கேட்டு எழுதட்டும். ஆள் ஆட வரும்போது அடிக்கிற வரவுத்தாளம், அது எத்தனை சுற்று, பிற்பாட்டுக்காரர் எங்கே எடுக்கிறார், எல்லாம் வலப்பக்கத்தில் வர வேண்டும். பிறகு மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டில் வைக்கட்டும், ஒன்று ஊருக்கு வெளியே.

விளக்கு வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுக்கட்டும். கூத்து ஆடுகிற களரி வட்டமானது, சனம் சுற்றி இருக்கும், ஒரு பக்கத்தால் வெளிச்சம் அடித்தால் பாதிச் சனத்துக்கு ஆடுகிறவரின் முகம் கறுப்பு. நாலு மூலைக் கம்பத்திலும் உயரத்தில், சரிவாகக் கீழே பார்க்கக் கட்ட வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கி ஒன்று, அது விட்டால் தாங்க வேறாய் ஒரு சங்கிலி. இந்தச் சங்கிலியை யாரும் மறந்தால் எங்கள் கிழவர் ஏணியை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார். மின்சாரக் கணக்கு லேசு: வாட்ஸை 230ஆல் பிரித்தால் அம்பியர். 1000 வாட்ஸ் விளக்கு ஒன்று நாலரை அம்பியருக்குக் கிட்ட இழுக்கும், ஆகவே 5 அம்பியர் சொக்கற்றில் அது ஒன்றுதான், இரண்டாவது கூடாது. எல்ஈடி கிடைத்தால் இந்தக் கவலை குறைவு. நீட்டு வயரைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துப் போடச் சொல்லுங்கள், சுற்றினபடி விட்டால் உள்ளுக்குள் சூடேறி உருகும். மழைக்காலத்தில் வெள்ளை வெளிச்சத்துக்கு ஈசல் திரளும், பாடுகிறவரின் வாய்க்குள்ளும் போகும். களரிக்கு மஞ்சள் வெளிச்சம் போட்டு, நல்ல வெள்ளைக் குமிழ் ஒன்றைத் தூரத்து மரத்தில் எரியவிட்டால் பூச்சி அங்கே போகும்.

ஜெனரேற்றர் மதிலுக்கு அப்பால், புகை சனத்துப் பக்கம் வராத திசையில். ஓடும்போது எண்ணெய் ஊற்றவே கூடாது.

ஸ்பீக்கரைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மத்தளத்துக்கு மைக் வைத்தால் சல்லரித் தாளம் அமுங்கும், பிறகு எல்லாரும் கத்தத் தொடங்குவார்கள். பாட்டுக்கு மட்டும் ஒன்றிரண்டு போதும்.

எல்லாவற்றையும்விட நான் இங்கே வியந்தது கடைசி இரவை. ஆட்டம் முடிந்து சனம் போனதும் நடித்தவர்கள் உட்பட எல்லாரும் உடுப்பு மாற்றி வந்து மேடையைக் கழற்றுவார்கள், நாளைக்கு என்று விடுகிறதில்லை. மேடையில் சுவராய் நிற்கிற தட்டி என்பது 3 அங்குல அகலம் 1 அங்குலத் தடிப்புச் சட்டத்தில் கன்வஸ் இழுத்துக் கட்டினது, 8 அடிக்கு 4 அடி. பின்னால் சாய்வுக் கம்பு கொடுத்து அடியில் இரும்புப் பாரம் வைப்பார்கள், கதவுள்ள தட்டிக்கு இரண்டு பாரம், இல்லாவிட்டால் கதவு சாத்த வீடே ஆடும். கழற்றினதும் ஆணி பிடுங்கி, பலகையை நீளவாரியாய் அடுக்கி, பிணைச்சல் ஒரு வாளி, திருகாணி ஒரு வாளி. அடுத்த நாடகத்துக்குப் பாதிச் சாமான் அந்த வாளியிலிருந்துதான் வரும். நம்மூரில் பந்தல் பிரித்தால் ஆணி மண்ணுக்குள், கயிறு யாரோ வீட்டு மாட்டுக்கு. அடுத்த வருஷம் முதலிலிருந்து காசு சேர்க்கிறோம்.

மண்டபத்துக்குத் திறப்பு இரண்டு, இரண்டு வீட்டில். உண்டியல் காசை உறவில்லாத இருவர் அன்றிரவே எண்ணிக் கையெழுத்து வைக்க வேண்டும். பொருளாளரில் சந்தேகம் என்பதற்காக இல்லை, நாளைக்கு அவரை யாரும் சந்தேகிக்காமல் இருக்க. பார்க்க மட்டும் வருகிற பெடியனுக்கு ஒரு வேலை கொடுக்கட்டும், சைக்கிள் அடுக்குகிற வேலையென்றாலும். வேலை செய்தவன் அடுத்த முறை மண்டபத்தைத் தன் வீடு மாதிரிப் பார்ப்பான்.

இங்கே அப்படி வருகிறவர்களைப் பார்க்கிறேன். பெண்சாதியை இழந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேறு நாட்டிலிருந்து வந்து வாய் திறக்கக் கூசுகிறவர்கள். பதினொரு மணிக்குத் தேநீர் வரும், ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தருவார்கள். சிலருக்குக் கிழமை முழுக்கத் தங்கள் பெயர் காதில் விழுகிறது அந்த ஒரு தரந்தான்.

ரங்குப்பெட்டிக்கு வருகிறேன். சின்ன மாமா அதை நிலாவெளிப் பக்கம் ஏதோ ஹோட்டலுக்கு அலங்காரத்துக்குக் கொடுக்கப் போகிறார் என்று எழுதினீர்கள். விற்க வேண்டாம், அக்கா. பெரியப்பாவின் கிரீடமும் கூத்துக்குக் கட்டுகிற கரப்புடுப்பும் சதங்கையும் அதற்குள்தான். வெயிலில் காயவைக்காமல் விறாந்தை நிழலில் ஒரு நாள் விரித்துவிடுங்கள். கண்ணாடித்துண்டு ஒட்டின துணியைத் தோய்க்கக்கூடாது, கழன்றுவிடும், தூரிகையால் தூசு தட்டினால் போதும். சதங்கையின் தோல் வெடித்திருந்தால் மணிகளைக் கழற்றி வைத்துப் புதுத்தோலில் கோர்க்கலாம். பெட்டியை நிலத்தில் வைத்தால் கறையான், நாலு செங்கல்லில் தூக்கி வையுங்கள். வேப்பிலை காய்ந்ததும் மாற்றுங்கள்.

போன சனிக்கிழமை புதுக் கன்வஸ் கட்டி முடித்து, இறுகியிருக்கிறதா என்று கிழவர் விரலால் தட்டிப் பார்த்தார். ஈரத்தில் தொய்ந்த மத்தளத்தைப் பெரியப்பா நெருப்பில் காட்டிக் காட்டித் தட்டுவாரே, அதே சத்தம். கோயில் வீதி, வைக்கோல் மணம், நீங்கள் என்னை மடியில் போட்டு நித்திரையாகாமல் கிள்ளுகிறது, எல்லாம் வந்தது. வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். குளிருக்கு மூக்கு ஒழுகுது என்று சொன்னேன்.

காசு இந்த மாதம் கொஞ்சம்தான் போட்டிருக்கிறேன், பங்குனியில் சேர்த்துப் போடுகிறேன். அதில் முதலாவது அம்மாவின் கண். வெண்புரை முற்ற விடக்கூடாது, ஆஸ்பத்திரியில் திகதி கிடைத்தால் அத்தான் லீவு எடுத்து நிற்கட்டும். சிறுபோகத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் விடுகிற கூட்டம் முடிந்ததும் வயல் குத்தகையை எழுத்தில் வாங்குங்கள், மூட்டைக் கணக்கை வாய்ப்பேச்சில் விட வேண்டாம். வடக்கு எல்லைக்குக் காணி உறுதியின் பிரதி அப்பாவின் அலுமாரி மேல்தட்டில் இருக்கும். தங்கச்சிக்குப் பார்த்த இடம் நல்லதென்றால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், கலியாண நாளை வையுங்கள், நான் எப்படியும் பார்க்கிறேன். அப்பாவின் திவசத்துக்கு அன்னதானம் வழமைபோல.

படலை இறுகி அம்மாவால் தள்ள முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஓடாவியைக் கூப்பிடத் தேவையில்லை. பிணைச்சலைக் கழற்றி ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, துருவைத் தேய்த்து, தேங்காயெண்ணெய் போடாமல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விடச் சொல்லுங்கள். தேங்காயெண்ணெய் பிசுபிசுத்துத் தூசு பிடிக்கும். திருகாணிகளை மருமகன் ஒரு போத்தலில் போட்டு வைக்கட்டும்.

உங்கள் அன்புத் தம்பி