ஐந்து கிலோமீட்டரும் ஒரு கைப்பிடித் தூளும்

கும்பகோணம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மருமகனுக்கு ஏதாவது ஒரு பிரான்சைஸ் கடை, அதாவது இன்னொருவர் கடைப் பெயரை உரிமை வாங்கி நடத்துகிற கடை, எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். நானோ இந்தப் பக்கம், கொடுக்கிறவனாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். கடைக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடந்தே செருப்பு தேய்கிறது.

திருச்சியிலிருந்து ஒரு பையன் வந்தான். முப்பது வயதிருக்கும். நம் கடைப் பெயரிலேயே சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு காபிக் கடை போட வேண்டும், உரிமை தாருங்கள் என்றான். அப்பா நாலு பெஞ்சு போட்டு ஆரம்பித்த கடைக்கு இப்படி ஒரு வரன் வரும் என்று யார் நினைத்தோம்? அன்றிரவே இணையத்திலிருந்து ஓர் அமெரிக்க மாதிரி ஒப்பந்தத்தை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி, வக்கீலிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்தார். “வழக்கு வந்தால் டெலவேர் மாகாணச் சட்டப்படி என்று போட்டிருக்கிறீர்களே, கும்பகோணத்தில் டெலவேர் எந்தத் தெரு?” என்றார். மூடி வைத்துவிட்டேன்.

நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே கிடையாதாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம், இவற்றை வைத்துத்தான் எல்லாம் ஓடுகிறது. தாளில் என்ன எழுதுகிறோமோ அதுதான் நமக்கு. எழுதாததைப் பிறகு வாயால் சொல்லி ஜெயிக்க முடியாது.

முதல் அடி என் தலையில்தான் விழுந்தது. “பெயர் பதிவாகியிருக்கிறதா?” என்று பையன் கேட்டான். மூன்று வருடம் முன்பு 4,500 ரூபாய் கட்டி வணிகச் சின்னப் பதிவுக்கு விண்ணப்பித்தது நினைவிருந்தது. ஆட்சேபம் தெரிவித்து வந்த அறிக்கைக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தராமல் விட்டது நினைவில்லை. விண்ணப்பத்தைக் கைவிட்டதாக முடித்திருந்தார்கள். இப்போது மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். சரக்குக்கும் சேவைக்கும் அங்கே தனித்தனி வகுப்பு, எனவே தூளுக்கு 30ஆம் வகுப்பு, கடைக்கு 43ஆம் வகுப்பு என்று இரண்டு. ஒப்பந்தத்திலும் ‘விண்ணப்ப நிலையில்’ என்றே மறைக்காமல் எழுதிவிட்டோம். நெடுஞ்சாலையில் பத்து மைலுக்கு ஒரு ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகை தொங்குவதை நீயும் பார்த்திருப்பாய். அதில் பாதிப் பேர் மகாமகக் குளத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊர்ப் பெயரும் சரக்கின் பெயரும் சேர்ந்தால் அது யாருக்கும் சொந்தமில்லை. நமக்கென்று இருப்பது தாத்தா பெயர் ஒன்றுதான். உன் மருமகன் எதில் கையெழுத்துப் போட்டாலும் முதலில் இதைக் கேட்கச் சொல்.

அடுத்து ராயல்டி, பெயரைப் பயன்படுத்துவதற்கு அவன் எனக்கு மாதாமாதம் தரும் பங்கு. விற்பனையில் 6 சதவீதம் என்றேன். லாபத்தில் தருகிறேன் என்றான். லாபம் அவரவர் கணக்குப் பிள்ளையின் பேனாவில் இருக்கிறது, விற்பனை கல்லாவில் இருக்கிறது, எனவே விற்பனைதான் என்று நின்றேன். பையன் சளைக்கவில்லை, ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். என் ராயல்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அவன் கடையோ 5 சதவீத வரியில் வருகிற உணவுக் கடை. கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. ஆக என் 6 அவனுக்கு 7.08. எனக்கு இது தோன்றவே இல்லை, நம் ஆடிட்டரும் சொல்லவில்லை. கடைசியில் 5 சதவீதம் என்று முடித்தோம். மாதம் 4 லட்சத்துக்கு விற்றால் எனக்கு 20,000, அரசுக்கு 3,600. என் 20,000லும் வருமான வரிக்காக 10 சதவீதம் டி.டி.எஸ். என்று முன்னதாகவே பிடித்துக்கொண்டுதான் வரும். முதல் மூன்று மாதம் ராயல்டி வேண்டாம் என்று நானாகவே சொன்னேன். அவன் அம்மாவின் நகை அடகில் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் தெரிந்துபோயிற்று. வியாபாரி இதற்கெல்லாம் இளகக் கூடாது என்பாய். நீ வங்கியில் இருந்தவன், அப்படித்தான் சொல்வாய்.

எல்லை விஷயம்தான் வேடிக்கை. தன் கடையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இன்னொரு கடைக்கு அனுமதி தரக் கூடாது என்றான். நானும் சரி என்று தலையாட்டப் போனேன். வக்கீல் வரைபடத்தை விரித்து, சத்திரத்தில் காம்பஸ் முனையை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினார். தெற்கே தில்லை நகர் உள்ளே போனது. வடக்கே காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கமும் உள்ளே போனது! ஒரு கடைக்காக ரங்கநாதரையே எழுதிக் கொடுக்க இருந்தேன். பிறகு கிலோமீட்டரை அடித்துவிட்டு, காவிரிக்குத் தெற்கே இன்ன இன்ன தெருக்கள் என்று பெயர் சொல்லி எழுதினோம்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. மிச்ச நாளைத் தின்றது ‘தரம்’ என்கிற ஒரு சொல். ‘உரிமை பெற்றவர் எங்கள் தரத்தைக் காக்க வேண்டும்’ என்று பெருமையாக எழுதியிருந்தேன். “தரம் என்றால் எத்தனை கிராம்?” என்று கேட்டார் வக்கீல். எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாக அந்தக் காபியை விற்கிறேன், எத்தனை கிராம் என்று தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தராசும் கையுமாக நம் கடைக் காபி மாஸ்டர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் தூள் டப்பாவில் கைவிட்டு அள்ளுவார், பில்டரில் போடுவதற்குள் பிடுங்கி நிறுப்பேன். பத்துத் தடவை நிறுத்தேன். ஒரு தடவை கூடச் சரியாக ஒத்துப்போகவில்லை, ஆனால் டிகாக்‌ஷன் பத்திலும் ஒரே மாதிரி இறங்கியது. எப்படி என்றேன். “ஈரக் காற்றடித்தால் கொஞ்சம் கூடப் போடுவேன், தூள் புதிதாக இருந்தால் குறைப்பேன், முதலாளி” என்றார். இதை எந்த ஷரத்தில் எழுதுவது? சராசரியை எடுத்து, இத்தனை தூளுக்கு இத்தனை தண்ணீர், இரண்டாம் டிகாக்‌ஷன் கலக்கக் கூடாது, பாலில் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்று நாலு பக்க இணைப்பு தயாரித்திருக்கிறேன். தூள் எங்களிடம்தான் வாங்க வேண்டும். கொட்டை விலை ஏறினால் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்தாயிற்று.

முடிவு ஷரத்து இன்னும் உறுத்துகிறது. ஐந்து வருட ஒப்பந்தம். தவறு செய்தால் திருத்திக்கொள்ள 30 நாள், திருத்தாவிட்டால் ரத்து. பலகையைப் பதினைந்து நாளில் இறக்க வேண்டும். அதன் பிறகு அதே இடத்தில் அவன் வேறு பெயரில் காபி விற்றால்? தடுக்க முடியாது என்கிறார் வக்கீல். ஒப்பந்தம் நடக்கும்போது போட்டிக் கடை வைக்காதே என்று கட்டுப்படுத்தலாம். கோகோ கோலா வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகு, பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின் முன் நிற்காதாம். சொல்லிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. பெயரையும் தூளையும் மட்டும்தான் நிறுத்த முடியும்.

நாலு பக்க இணைப்பை மாஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, டபராவைத் துடைத்தபடியே, “என் கையையும் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பையனுக்கு இரண்டு மாதம் பயிற்சி தரப்போவது அவர்தான். பயிற்சிக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகை இருக்கிறது, அது என் கணக்குக்கு வருகிறது. அதை அப்படியே அவர் பெயருக்கு மாற்றுவதா, அல்லது ராயல்டியிலேயே மாதாமாதம் ஒரு பங்கு வைப்பதா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வீட்டில், பங்கே கொடுங்கள் என்கிறாள். ஆடிட்டர் வேண்டாம் என்கிறார்.

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த முடிவு ஷரத்தை, பதினான்காவதை மட்டுமாவது படித்துப் பார்த்து எழுது. அடுத்த புதன்கிழமை கையெழுத்து. முடிந்தால் செவ்வாய் இரவு வண்டியில் கிளம்பி வந்துவிடு. காலை நாலரைக்கு எழுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுத் தோழன்